மாநிலங்களவையில் அண்ணாவின் வாதமுறை (1962–1963): ஒரு சொல்லாட்சித் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அறிஞர் அண்ணாவின் சொல்வன்மையை மதிப்பிடுவோர் மேடைத் தமிழின் அடுக்குமொழியையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கின்றனர். மாநிலங்களவையில் அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய உரைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை. எதிர்த்தரப்பு போற்றும் சொல்லை ஏற்றுக்கொண்டு அதன் பொருளெல்லையை மாற்றுவதே அங்கு அவர் கையாண்ட முறை என்பதை, 1962, 1963ஆம் ஆண்டுகளில் அவர் ஆற்றிய மூன்று உரைகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அண்ணா, மாநிலங்களவை, சொல்லாட்சி, எதிர்க்கட்சி, இறையாண்மை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

1962 பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னைச் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. கட்சியை நிறுவிய அண்ணாவோ காஞ்சிபுரத்தில் தோல்வியுற்று, அதே ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரானார். இந்த இடமாற்றம் அவர் பேச்சின் கேட்போரையும் மாற்றியது. பொதுக்கூட்டத்தில் கேட்போர் பேச்சாளரின் அடிப்படைக் கருத்தை முன்னரே ஏற்றவர்கள். மாநிலங்களவையில் பெரும்பான்மையோர் அக்கருத்தை மறுப்பவர்கள், தமிழ் அறியாதவர்கள். எதுகை, மோனை, பழமொழி ஆகிய கருவிகள் அங்கே பயன்படா.

எனினும் முன்னைய பயிற்சி ஒன்று அங்கு துணைநின்றது. 1943இல் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சோமசுந்தர பாரதியாருடனும் நிகழ்ந்த கம்பராமாயண விவாதங்களில், எதிர்த்தரப்பு போற்றும் நூலுக்குள்ளேயே நின்று அண்ணா வாதிட்டார். அவ்விவாத உரைகளே ‘தீ பரவட்டும்’ என நூலாயின. மாநிலங்களவையில் அத்தகைய பொதுநூலாக அவருக்கு அமைந்தது அரசமைப்புச் சட்டம்.

ஒரு தொடரின் அமைப்பு

1962 மே 1 அன்று குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி கூறும் தீர்மானத்தின் மீது அண்ணா தம் கன்னிப்பேச்சை ஆற்றினார். திராவிடர் என்னும் தம் அடையாளத்தை அறிவிக்கும் தொடர் அதில் மிகவும் புகழ்பெற்றது. அதற்கு முன்வரும் தொடரின் கட்டமைப்பு போதிய கவனத்தைப் பெறவில்லை. தாம் ஒரு நாட்டிலிருந்து வருவதாக அவர் முதலில் உரிமை கோருகிறார். அந்நாடு இப்போது இந்தியாவின் ஒரு பகுதி என்று உடனே ஒப்புகிறார். அது வேறு மரபுடையது என்று கருதுவதாக அடுத்துச் சொல்கிறார். அந்த வேறுபாடு பகையாக இருக்க வேண்டியதில்லை என்று முடிக்கிறார். கோரல், ஒப்புதல், வேறுபடுத்தல், தணித்தல் என நான்கு படிகள் ஒரே தொடருக்குள் அமைகின்றன. ‘இப்போது’ என்னும் சொல் நிகழ்கால உண்மையை ஏற்கிறது. அதேவேளையில், அது என்றைக்குமான உண்மை அன்று என்பதையும் உணர்த்துகிறது.

அடுத்து வங்காளி, மராட்டியர், குசராத்தியர் ஆகியோருக்குத் தாம் எதிரி அல்லர் என்று கூறி, மனித சமத்துவத்துக்கு ராபர்ட் பர்ன்சின் கவிதையைச் சான்றாக்குகிறார். பர்ன்ஸ் இங்கிலாந்துக் கவிஞர் அல்லர். 1707இல் இங்கிலாந்துடன் இணைக்கப்பட்ட ஸ்காட்லாந்தின் கவிஞர். ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே தன் மொழியால் தனித்து நின்ற ஒரு மக்களின் குரல், அவையோர் மதிக்கும் ஆங்கில இலக்கியத்தின் வழியாகவே அவைக்குள் வந்துவிடுகிறது.

‘ஸ்டாக்’ என்ற சொல்லும் ‘இனம்’ என்ற பெயர்ப்பும்

ஆங்கில உரையில் அண்ணா ஆண்ட சொல் ‘ஸ்டாக்’. வேர், அடிமரம், குடிவழி என்னும் பொருள்சாயல்களை அது கொண்டது. தமிழில் அது பெரும்பாலும் ‘இனம்’ என்றே பெயர்க்கப்படுகிறது. அப்பெயர்ப்பு பிழையன்று. ஆயினும் பிறப்பால் வரையறுக்கப்பட்ட, பிறரிலிருந்து விலகிய ஒரு கூட்டம் என்னும் அழுத்தத்தை அது கூட்டிவிடுகிறது. மூலத்தில் முன்னும் பின்னும் வரும் தணிப்புகளை நீக்கி, அந்த ஒரு தொடரை மட்டும் முழக்கமாக மேற்கோள் காட்டும் வழக்கம் இவ்வழுத்தத்தை மேலும் பெருக்குகிறது. மேடைப் பேச்சாளரின் குரல் பெயர்ப்பின் வழியே மீண்டும் வந்து அவை உறுப்பினரின் குரலை மறைத்துவிடுகிறது.

கொடையும் ‘ஆகவே’யும்

இவ்வுரையின் மையம் உரிமைவாதம் அன்று, கொடைவாதம். நாட்டுக்கு வழங்கத்தக்க தனித்தன்மையுள்ள ஒன்று திராவிடரிடம் உண்டு என்பதே தம் அடையாளத்தை வலியுறுத்துவதற்கு அவர் கூறும் காரணம். அதை அடுத்து, ‘ஆகவே’ தன்னாட்சியுரிமை வேண்டும் என்கிறார். இங்கே ஓர் இடைவெளி உண்டு. ஒருவரிடம் கொடுக்கத்தக்க பொருள் இருப்பதனாலேயே அவர் பிரிந்துசெல்ல வேண்டும் என்பது பெறப்படாது. தருக்க நோக்கில் இது குறையே. ஆனால் கருதுகோளும் முடிவும் இறுகப் பிணைக்கப்படாமையால், முடிவை மாற்றினாலும் கருதுகோள் நிலைக்கும்.

சொல்லைப் பகுத்தல்

அந்நிலை விரைவிலேயே வந்தது. இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றின் பொருட்டுப் பேச்சுரிமையை வரையறுக்க இடமளிக்கும் பதினாறாம் அரசமைப்புத் திருத்த முன்வரைவு 1963 சனவரியில் வந்தது. அதன் மீதான உரையில் அண்ணா ‘இறையாண்மை’ என்னும் சொல்லை மறுக்கவில்லை, பகுத்துக் காட்டினார். அரசமைப்பின் முகப்புரைப்படி அரசியல் இறையாண்மை மக்களிடம் உள்ளது; சட்ட இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது; எனவே மாநிலங்களை மேலும் வலிமையாக்குவதே தம் திட்டம் என்று ஏன் கொள்ளலாகாது என வினவினார். தடைசெய்ய வந்த சொல்லே கோரிக்கையின் அடிப்படையாயிற்று.

வினாவைத் திருப்புதல்

அதே ஆண்டில், சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடக் கோரிப் பூபேஷ் குப்தா கொண்டுவந்த முன்வரைவை அண்ணா ஆதரித்தார். பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்ற வினாவுக்கு, நாடாளுமன்ற அவைகளுக்கு லோக் சபா, ராஜ்ய சபா என்றும், குடியரசுத் தலைவருக்கு ராஷ்டிரபதி என்றும் பெயரிட்டதால் விளைந்த பயன் என்ன என்று எதிர்வினா எழுப்பினார். இதற்கு விடையளிக்கும் எவரும், பெயருக்கு உணர்வு மதிப்பு உண்டு என்று ஒப்ப வேண்டியிருக்கும். அவ்வொப்புதலே அவர் வேண்டியது. பழைய பெயருக்குச் சான்றாகத் தமிழ் இலக்கியங்களைக் காட்டியபோதும், அவற்றை விளக்கும் அளவோடு நிறுத்திக்கொண்டார்.

முடிவுரை

முன்வரைவு தோற்றது; வாதம் தோற்கவில்லை. 1967 சூலை 18 அன்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் ‘தமிழ்நாடு’ நடைமுறைக்கு வந்தது. 1963இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்ட பின்பும் கொடைவாதம் மாநில சுயாட்சிக் கோரிக்கையாகத் தொடர்ந்து, 1969இல் அமைக்கப்பட்ட இராசமன்னார் குழு வரை நீண்டது. இம்மாற்றத்தைச் சிலர் பின்வாங்கல் என்பர். சிலர் சூழ்நிலை நெருக்கடியால் நேர்ந்தது என்பர். சட்டத்தின் நெருக்கடி உண்மையே. ஆயினும் அந்நெருக்கடியைத் தாங்கி மறுவடிவம் பெறும் நெகிழ்ச்சி 1962 உரையின் தொடரமைப்பிலேயே இருந்தது. அதைக் காண வேண்டுமானால், மேற்கோள் தொகுப்புகளை விடுத்து, அவைக்குறிப்பின் முழுப்பாடத்தையே திறனாய்வு தன் மூலமாகக் கொள்ளல் வேண்டும்.