பெயர் மறைந்த எழுத்தும் அகச்சான்றும்

ஒரு நூலை இயற்றியவர் யாரெனத் தெரியாதபோது ஆராய்ச்சியாளர் இருவகைச் சான்றுகளை நாடுவர். நூலின் சொல்லும் பொருளும் தருவது அகச்சான்று. நூலுக்கு வெளியே கிடைப்பது புறச்சான்று. பழஞ்சுவடிகளுக்கு உரிய இம்முறையை இன்று விளையாட்டு அன்பர்களும் கையாள்கின்றனர். புகழ்பெற்ற ஆட்டக்காரர் வேற்றுப் பெயரில் சமூக ஊடகத்தில் எழுதுகின்றார் என்ற ஐயம் எழுந்தவுடன், எழுத்தைக்கொண்டே ஆளைக் காட்ட முற்படுகின்றனர். இம்முயற்சியின் எல்லையை மூன்று நிகழ்ச்சிகள் புலப்படுத்தும்.

முதலாவது, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட் பற்றியது. 2016-இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியை விட்டு நீங்கிய அவர், 2017 செப்டம்பரில் தம் பெயர் தாங்கிய டுவிட்டர் கணக்கிலேயே தம்மைப் படர்க்கையில் வைத்துப் பேசினார். பழைய அணியையும் பயிற்சியாளரையும் 'அவர்' விரும்பவில்லை என்று எழுதினார். முகமூடிக் கணக்கில் எழுத வேண்டியதை மறதியால் சொந்தக் கணக்கில் எழுதிவிட்டார் எனப் பலர் ஐயுற்றனர். தன்னைப் படர்க்கையாற் சுட்டுவதை இடவழுவமைதி என நம் இலக்கணமே ஏற்கும். ஆகலின் படர்க்கை ஒன்றே முகமூடியை மெய்ப்பித்துவிடாது. எழுதியவர் டுரான்ட்தாம் என்பது உறுதியானதும் அவர் தம் வாயால் ஒப்பிப் பயிற்சியாளரின் பெயரை இழுத்தமைக்கு வருந்தியதனாலேயே ஆம்.

இரண்டாவது, ஆட்டக்காரர் அல்லாத அணித் தலைவர் ஒருவரைப் பற்றியது. 2018 மே மாதத்தில், பிலடெல்பியா 76அர்ஸ் அணியின் தலைவர் பிரையன் கொலாஞ்சலோவைப் போற்றியும் அவ்வணி வீரர்களைக் குறைகூறியும் வந்த ஐந்து கணக்குகள் வெளிப்பட்டன. அவருடைய சட்டைக் காலரைக் கேலி செய்தவர்க்குங்கூட ஒரு கணக்கு விடையிறுத்திருந்தது. அகச்சான்று முழுதும் அவரையே சுட்டிற்று. ஆனால் கணக்குகளை நடத்தியவர் அவர்தம் மனைவி என விசாரணை கூறிற்று. எழுத்து வீட்டைச் சரியாகக் காட்டியது, ஆளைக் காட்டவில்லை. ஆயினும் 2018 ஜூனில் கொலாஞ்சலோ பதவி விலகினார்.

மூன்றாவது இந்தியாவில் நிகழ்ந்தது. 2009-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டி தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றபோது, கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் வீரர் எனச் சொல்லிக்கொண்ட ஒருவர், பலர்க்கும் பட்டப்பெயர் சூட்டி அணியின் உட்பூசல்களை இணையத்தில் எழுதிவந்தார். உள்ளிருப்பவரே இவ்வாறு எழுத இயலும் என்று பலரும் நம்பினர். இடையில் தாயகம் அனுப்பப்பட்ட இரு வீரர்மேலும் ஐயம் படர்ந்தது. நிர்வாகம் அதனை மறுத்தது. 2010-இல் உண்மை வெளிவந்தது. எழுதியவர் அனுபம் முகர்ஜி, பெங்களூரில் விற்பனைத்துறை சார்ந்த பணியினர், ஆட்டக்காரரே அல்லர்! நம்பத்தக்கதாய் எழுதும் திறனை நேரிற் கண்ட அறிவென மயங்கியதே வாசகர் செய்த பிழை.

இம்மூன்றும் உணர்த்துவது யாது? அகச்சான்று மறுப்பதில் வலியது, நிறுவுவதில் மெலியது. சங்கப் பாடல் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் ஒருவரல்லர் என அதன் மொழிநடை துணிந்து கூறும். பெயரற்ற எழுத்தை இன்னார் எழுதினார் எனக் கூறும் வலிமை அதற்குத் தனியே இல்லை. குறுந்தொகையைத் தொகுத்தளித்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். பெயர் தெரியாத புலவரைச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் எனப் பாட்டின் தொடராலேயே அழைத்தனர். கபிலர் தலையிலோ பரணர் தலையிலோ அப்பாட்டை ஏற்றினாரல்லர்.

அவ்வடக்கம் இன்று பெரிதும் வேண்டப்படுகின்றது. மலேசியாவில் 2012-இல் சான்றுச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட பிரிவொன்றின்படி, ஒரு வெளியீட்டின் உரிமையாளராகப் பெயரோ படமோ புனைபெயரோ காட்டப்பெற்றவர், மாறாக நிறுவப்படும்வரை அதனை வெளியிட்டவராகவே கருதப்படுவர். பிறர் ஒட்டிய பெயரைத் துடைக்கும் சுமை, பெயருக்குரியவர் தோளில் விழுகின்றது. ரவாங்கிலும் கிள்ளானிலும் தமிழ் பயிலும் மாணவர்க்கு, நடையைக்கொண்டு ஆசிரியரை உய்த்துணரக் கற்பிப்பது நன்று. அதனோடு, புறச்சான்று கிட்டும்வரை பெயரிடத்தை வெற்றிடமாகவே விடவும் கற்பித்தல் வேண்டும். அறியாத பெயரை எழுதாது விடுவதும் புலமையின் பாற்பட்டதே.