ஒக்யாமே இல்லாத வானொலி

கானா நாட்டு அக்கான் மரபில் தலைவர் சபையோடு நேரடியாகப் பேசுவதில்லை. 'ஒக்யாமே' எனும் அவைப்பேச்சாளர் அவர் சொல்லை வாங்கி, கூர் மழுக்கி, பழமொழி சேர்த்துச் சொல்வார். சபையின் பதிலும் அவர் வழியாகத்தான் போகும். கோபம் இரண்டு வாய்களைக் கடந்து வருவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும்.

1995-இல் ஜாய் எஃப்.எம். தொடங்கியபின் அங்கே தனியார் வானொலி பெருகியது. ராணுவ ஆட்சியில் வாய்மூடி இருந்தவர்கள் போனில் அழைத்து அமைச்சரையே கேள்வி கேட்டார்கள். பெரிய விடுதலைதான், சந்தேகமில்லை. ஆனால் கூடவே 'சீரியல் காலர்' என்றொரு கூட்டமும் வந்தது: கட்சிக்காகத் தினமும் அழைத்து எதிர்த்தரப்பைத் திட்டுபவர்கள். 2012 தேர்தலின்போது மேற்கு ஆப்பிரிக்க ஊடக அறக்கட்டளை இந்தப் பேச்சுகளைக் கண்காணித்து, இழிசொற்களைக் கணக்கெடுத்து வெளியிட்டது.

நல்ல வேலை. ஆனால் கெட்ட வார்த்தையை எண்ணினால் மட்டும் போதுமா?

2016 ஜூன் இறுதியில் அக்ராவின் மொன்டி எஃப்.எம். விவாதத்தில் இருவர் உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். 1982 ஜூன் 30 இரவு மூன்று நீதிபதிகளும் ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவரும் வீட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட நாடு அது. அந்த நீதிபதிகளின் சிலைகள் உச்ச நீதிமன்றத்தின் முன்னாலேயே நிற்கின்றன. 'முட்டாள்' என்ற வசை கேட்ட இடத்திலேயே செத்துப்போகும். இந்த மிரட்டல் அப்படியில்லை. கேட்பவரின் நினைவில் ஏற்கெனவே கிடக்கும் பிணங்களை எழுப்பிவிடுகிறது. சொல்லின் வன்மம் அகராதியில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. இலக்கியம் வாசிக்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல.

பேசிய இருவரோடு நிகழ்ச்சி நடத்துநருக்கும் நான்கு மாதச் சிறை கிடைத்தது. என் பார்வையில் முக்கியமான தீர்ப்பு அந்த மூன்றாவது ஆளுக்கானதுதான். ஒக்யாமேயின் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இடைமறிக்க வேண்டியவர், எண்ணெய் ஊற்றினால்?

அடுத்து நடந்தது இன்னும் மோசம். மன்னிப்புக் கோரும் மனுவில் அமைச்சர்களே கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டில் அதிபர் மஹாமா மிச்சத் தண்டனையைத் தள்ளுபடி செய்தார்.

டிசம்பரில் தேர்தல் அமைதியாக முடிந்து ஆட்சியும் மாறியது. 'பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலையே' என்று சொல்லிவிடலாம். எந்த நீதிபதியும் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் நீதிபதியை மிரட்டுவது கட்சி விசுவாசமாக மதிக்கப்படும் இடத்தில், அடுத்த வழக்கில் தீர்ப்பு எழுதுகிறவரின் கை நடுங்காதா? அந்த நடுக்கத்தை எந்தக் கணக்கெடுப்பும் பதிவு செய்யாது.