அணியும் காப்பும்: கார்ட் பந்தயத் தலைக்கவசத்தின் உருவம் பற்றி

உருவத்திற்கும் பயனுக்கும் உள்ள உறவை ஆராயப் புகும் திறனாய்வாளர் பெரும்பாலும் கவிதையையும் சிற்பத்தையுமே உதாரணங் காட்டுவர். நாளாந்தப் பாவனைப் பொருள்கள் அவர்தங் கண்ணிற் படுவது அரிது. எனினும், அலங்காரம் எவ்விடத்திற் பயனாகின்றது, எவ்விடத்தில் வெறும் அலங்காரமாகவே நின்றுவிடுகின்றது என்னும் வினாவைக் கார்ட் பந்தய ஓட்டுநர் அணியும் தலைக்கவசம் மிகத் தெளிவாக எழுப்புகின்றது.

முதலாவது கார்ட்டை 1956இல் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் உருவாக்கினார். குழாய்ச் சட்டம், சிறு இயந்திரம், நான்கு சில்லுகள் என்னும் அவ்வமைப்பே இன்றும் பெரிதும் நிலைத்துள்ளது. பொதுவாக அதற்குக் கூரையில்லை, ஆசனப் பட்டியுமில்லை. மோதலின்போது ஓட்டுநர் வண்டியிலிருந்து வீசப்படலாம். அவ்வேளை தலைக்கும் தரைக்கும் இடையே இருப்பது கவசம் ஒன்றே. அதே 1956இல் பீற் சினெல் என்னும் அமெரிக்க ஓட்டுநர் பந்தய விபத்தொன்றில் தலையிற் காயமுற்று இறந்தார். அவர் அணிந்திருந்த கவசம் அவரைக் காக்கவில்லை. அவர் பெயரால் 1957இல் நிறுவப்பட்ட மன்றம் அன்றுதொட்டுக் கவசங்களைச் சோதித்துத் தரச்சான்று வழங்கி வருகின்றது. கார்ப் பந்தயக் கவசம் தீயைத் தாங்கவேண்டும் என்பது அதன் விதி. தீயிற் சிக்கும் ஆபத்துக் குறைந்த கார்ட் கவசத்திற்கு அவ்விதி இல்லை. பயனே உருவத்தை நிருணயிக்கின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

கவசத்தின் ஓடு வழுவழுப்பாகவும் உருண்டையாகவும் இருப்பது கண்ணுக்கு இனிமை பயப்பதற்காகவன்று. தரையில் உராயும்போது எதிலும் சிக்காது வழுக்கிச் செல்லவேண்டும். சிக்கினால் கழுத்து முறுக்குண்ணும். உள்ளே இருப்பது, நம்மிடையே ரெஜிபோம் என வழங்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த நுரைப்பொருள். அது நசுங்குவதன்மூலமே தலையைக் காக்கின்றது. நசுங்கிய நுரை மீள எழாது.

இனி, நிறம் பற்றி நோக்கலாம். பயன்வாதி ஒருவர் இதனை முற்றாக ஒதுக்கிவிடக்கூடும், அது தவறாகும். முழுமுகக் கவசம் ஓட்டுநரின் முகத்தை மறைத்துவிட்டது. மறைந்த முகத்திற்குப் பதிலாக நிறம் முகமாயிற்று. கிரஹாம் ஹில் கருநீலக் கவசத்தில், தாம் அங்கம் வகித்த இலண்டன் படகோட்டக் கழகத்தின் அடையாளமான வெண்ணிறத் துடுப்பலகுகளைத் தீட்டிக்கொண்டார். அவர் மகன் டேமன் ஹில் 1996இல் உலகச் சம்பியனானபோதும் அதே கவசமே அவர் தலையில் இருந்தது. வண்டியின் இலக்கத் தகடும் ஓட்டுநரை அடையாளங் காட்டத்தான் செய்கின்றது; ஆனால் இலக்கத்தை எவரும் நேசிப்பதில்லை.

இவ்வகையில் தலைசிறந்த படைப்பு கார்ட் களத்திலேயே பிறந்தது. 1979ஆம் ஆண்டின் உலக கார்ட் சம்பியன் போட்டிக்குச் சென்ற பிரேசில் ஓட்டுநருக்காக சிட் மோஸ்கா என்னும் ஓவியர் மஞ்சட் பரப்பில், கண்திறப்பை ஒட்டிப் பின்னோக்கி ஓடும் பச்சை, நீலப் பட்டைகளைத் தீட்டினார். அயர்ட்டன் சென்னா அதனைத் தமதாக்கிக்கொண்டார். தேசக்கொடியின் நிறங்கள் அங்கே இருப்பினும் கொடியின் படம் இல்லை. பட்டைகள் ஓட்டத்தின் திசையைக் காட்டுகின்றன. பார்வை செல்லும் திறப்பையே அவை சட்டமிடுகின்றன. தொலைவில், மழையில், கணநேரத்தில் பார்ப்பவனுக்கும் அது யார் என்பது ஐயமின்றிப் புலனாகும். இதனினும் ஒரு கோட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது கெடும். ஆயினும் 1994இல் இமோலாவில், வண்டியின் உடைந்த பாகமொன்று ஊடுருவியபோது அக்கவசம் அவரைக் காக்கவில்லை. பீலிப்பே மாசாவை 2009இல் ஹங்கேரியில் ஒரு சுருள்வில் தாக்கியது, அவர் பிழைத்தார். அதன்பின், 2011இல், முகத்திரையின் மேல்விளிம்பிற்கு வலுவூட்டும் பட்டையொன்று சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டையை அழகென எவரும் வியந்ததில்லை.

இன்றைய கார்ட் கவசங்களிற் பெரும்பாலானவை சென்னாவின் கவசத்திலிருந்து பாடம் கற்றனவாகத் தெரியவில்லை. மின்னலும் மண்டையோடும் விளம்பரப் பெயர்களும் நெருங்கி நிற்க, பத்து யார் தொலைவில் எல்லாம் ஒரே கலங்கலாய்த் தோன்றுகின்றன. பின்புறத்திற் பொருத்தப்படும் சிறகு போன்ற தகட்டையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். போர்மியுலா ஒன் வண்டியில் உடல் முழுதும் உள்ளே அமிழ, கவசம் மட்டும் காற்றோட்டத்தில் நிற்கின்றது. மேலெழும்பும் விசையையும் அதிர்வையும் தணிக்க அத்தகடு உதவுகின்றது. கார்ட்டிலோ ஓட்டுநரின் மார்பே காற்றைச் சந்திக்கின்றது, வேகமும் குறைவு. அங்கு அத்தகடு அதே பயனைத் தருமெனக் கொள்வதற்கில்லை. பெரியோர் களத்தின் சின்னத்தைச் சிறுவர் தலையில் ஏற்றி விற்கும் வணிகமே அதன் காரணமெனல் மிகையன்று.

சிறுவர் என்பது இங்கு முக்கியமானது. கார்ட் ஓட்டுவோரிற் பலர் பதினைந்து வயதிற்கும் குறைந்தவர்கள்; வளருங் கழுத்திற்குக் கவசத்தின் எடையே ஓர் ஆபத்து. இதனைக் கருதியே 2007இல் எடைவரம்புடன்கூடிய தனித் தரவிதி சிறுவர் கவசத்திற்கென வகுக்கப்பட்டது. எடை குறைந்த அக்கவசமும் பெரியோருடையதுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறியப் பெற்றோர் உள்ளே ஒட்டப்பட்ட சிறு சான்றுச் சீட்டைத் தேடிப் படிக்கவேண்டும். வெளிப்புற வண்ணம் பேசும் அளவிற்கு அச்சீட்டுப் பேசுவதில்லை. பொருந்தாத வண்ணப்பூச்சிலுள்ள கரைப்பான் ஓட்டையே பலவீனப்படுத்தக்கூடும். ஒருமுறை மோதுண்டு உள்ளே நுரை நசுங்கிய கவசத்தைப் புதிதாகத் தீட்டினால், அது கடையில் நேற்று வாங்கியதைப் போலவே பளபளக்கும்.