சுவரில்லாத சிற்றாலயம்

கண்டி டிரினிட்டிக் கல்லூரியின் சிற்றாலயத்துக்குப் பக்கச் சுவர்கள் இல்லை. மழை பெய்தால் அதன் வாசம் ஆராதனைக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கூரையைத் தாங்குவன கண்டிய மரபில் செதுக்கிய கற்றூண்கள். அருகே போய் விரலால் தடவிப் பாருங்கள். உளி போன தடம் தெரியும். கண்டி அரசர்களின் அரசவை மண்டபமான மகுல் மடுவவின் மரத்தூண்கள்தான் எனக்கு உடனே நினைவுக்கு வரும்.

இந்தச் சிற்றாலயத்தை வடிவமைத்தவர் இங்கே பாடம் சொல்லித்தர இங்கிலாந்திலிருந்து வந்த மிஷன் ஆசிரியர் கெஸ்டர். அடிக்கல் நாட்டியது 1923இல். ஊசிக்கோபுரம் ஒன்றை இறக்குமதி செய்யாமல், வந்த ஊரின் கட்டடக்கலையைக் கற்றுக்கொண்டு கட்டினாரே, அந்தப் பணிவுக்கே முதல் வணக்கம்.

1872இல் சர்ச் மிஷன் சங்கம் தொடங்கிய பள்ளி இது. 1904இல் அதிபராக வந்த பிரேசர், ஆங்கிலமே கோலோச்சிய அந்நாளில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்தார். அவரோடு பணியாற்ற ஒக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் சீனியர் என்ற கவிஞர் இந்த மலைகளிலேயே மனத்தைப் பறிகொடுத்தவர். லண்டனில் இறந்தவரின் அஸ்தி ஹப்புத்தளையில் அடக்கமாகியிருக்கிறது.

சிற்றாலயத்தின் உள்ளே ஓவியர் டேவிட் பெயின்டரின் சுவரோவியங்கள். அவரும் இங்கே ஆசிரியராக இருந்தவர்தான். சீடரின் கால்களைக் கழுவும் இயேசுவின் முன் கொஞ்சம் கூடுதலாகவே நில்லுங்கள். பாடம் சொல்ல வருகிறவர் முதலில் குனிய வேண்டிய இடம் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது.