அப்பாயி வீட்டை நாங்களே நிமிர்த்தினோம்

மழை பெய்யும்போது முற்றத்தில் நாலு பக்கமும் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டும். நடுவில் வானம். தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகத்தான் நானும் என் கணவரும் பதினான்கு மாதம், சனி ஞாயிறு ஒன்றுவிடாமல், திருச்சியிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் பஸ் ஏறினோம். இன்னொரு பதினான்கு மாதம் கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

வீடு அவருடைய அப்பாயி வாழ்ந்த வீடு. 1938-இல் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுப்படி, கொல்லை என்று நீளமாகப் போகும். அப்பாயி போன பிறகு பூட்டிக் கிடந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது கொல்லையிலிருந்த ஏழு தென்னைகளும் சாய்ந்தன. மேற்குக் கூரையில் பாதி ஓடு பறந்துவிட்டது. சுவரில் ஒரு விரிசல்கூட விழவில்லை. அதன்பின் மூன்று வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் அந்த வீடு எங்களுக்காகக் காத்திருந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் “இடிச்சுட்டு மாடி வீடாக் கட்டுங்க” என்றார்கள். விலை பேச வந்த ஒரு கான்ட்ராக்டர் பத்தே நிமிஷம் சுற்றிப் பார்த்தார். இடுப்பளவுக்கு ஓதம் ஏறிவிட்டது, சுவர் செத்துப்போச்சு, ஜேசிபி ஒரு நாள் வேலை என்று சொல்லிப் போய்விட்டார். அன்றிரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் ஊரிலேயே இருக்கிற எழுபது வயதுக் கொத்தனார் வந்தார். ஓதம் பூத்த இடத்தில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். பாளமாக ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஈரமான பழைய சுண்ணாம்பு, அதற்குள் மெல்லிய நாட்டுச் செங்கல். “இந்த சிமெண்டுப் பூச்சு நடுவுல வந்தது பாப்பா. சுவருக்கு வேர்க்குது, போற வழியை அடைச்சுட்டாங்க” என்றார்.

அந்த ஒரு பேச்சில் எங்கள் வீடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது! மண்ணிலிருந்து ஈரம் பழைய சுவருக்குள் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் உலர்ந்துவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பைக் கூட்டிக்கொண்டு மேலே மேலே ஏறும். நோய் சுவரில் இல்லை, இருபது வருஷத்துக்கு முன் அழகுக்காகப் போர்த்திய சட்டையில் இருந்தது.

2022 தை மாதம் ஆளுக்கொரு உளியும் சுத்தியலுமாகத் தொடங்கினோம். பங்குனி முடிவதற்குள் சிமெண்டு முழுவதையும் உரித்துவிட்டு, சித்திரை வெயிலில் கதவு ஜன்னல்களைத் திறந்து போட்டோம். வாராவாரம் வந்து சுவரில் கையை வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஈரக் கோடு இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து முழங்காலுக்கு. வைகாசியில் ஒரு நாள் கூடத்துச் சுவர் வெதுவெதுவென்று காய்ந்திருந்தது. என் கணவர் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆடிக்குள் கூரை. கரையான் அரித்த நான்கு கைமரங்களை ஆசாரி மாற்றிக் கொடுத்தார். மின்சார வேலைக்கும் ஆள் வைத்தோம். இரண்டும் பழகாத கை தொடக்கூடிய வேலைகள் இல்லை. மூங்கில் பிளாச்சு கட்டியதும் ஓடு வேய்ந்ததும் நாங்கள். நாட்டு ஓட்டை ஒரு வரிசை மல்லாத்தி வைத்து, இரண்டு மல்லாத்தின ஓட்டுக்கு நடுவே ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் கை பழகப் பத்து நாளாகும். சக்கரத்தில் குழாயாக வனைந்து, ஈரத்திலேயே இரண்டாகப் பிளந்து சுடுகிற ஓடு இது. கழுவி அடுக்கும்போது ஓர் ஓட்டின் முதுகில் மூன்று விரல் தடம் பார்த்தேன். என் விரல்களை வைத்தால் அப்படியே பொருந்தின. அதை அடுப்படி வாசலுக்கு நேர் மேலே வைத்திருக்கிறேன். பறந்துபோன ஓடுகளுக்குப் பதில், பிரித்த வீடுகளின் பழைய ஓட்டைப் பக்கத்து ஊர்களில் தேடி வாங்கினோம். அடுப்படிக்கு மட்டும் அந்தக் காலத்திலேயே சீமை ஓடு போட்டிருந்தார்கள். சிலவற்றில் மங்களூர் முத்திரை. அங்கே பாசல் மிஷன் 1865-இல் தொடங்கிய தொழில், கப்பலும் ரயிலும் ஏறி எங்கள் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது! வாங்கிய நாட்டு ஓடு அளவில் நூல் மாறுவதால் வீட்டு ஓட்டைத் தெருப் பக்கச் சரிவிலும் வாங்கியதைக் கொல்லைப் பக்கச் சரிவிலும் பிரித்துப் போட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இனி சுண்ணாம்பு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சுட்ட கல் சுண்ணாம்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு “சொய்ங்” என்று ஒரு சத்தம், குமிழி, ஆவி. தொட்டியே உலைபோலக் கொதிக்கும். அடியில் நெருப்பே இல்லை! கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தோம். (இதில் விளையாட்டு வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.) தாளித்த சுண்ணாம்பு ஒரு மாதம் தண்ணீருக்கடியில் கிடந்தது. எடுத்தபோது வெண்ணெய், அசல் வெண்ணெய். நசுக்கிய கடுக்காயையும் கருப்பட்டியையும் பானையில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரை ஊற்றி, மணலோடு குழைத்தோம். வீடெல்லாம் கள் வாசம்.

அடுத்த தை மாதக் குளிர்ச்சியில் பூசினோம். மெல்லிசாக ஒரு பூச்சு, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காத்திருப்பு, அடுத்த பூச்சு. சிமெண்டுபோல மறுநாளே இறுகாது. சூளையில் சுடும்போது கல் இழந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, மறுபடியும் கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும். கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க முட்டை ஓடு மாதிரி ஒரு மினுக்கம் எழும்பியது. கொத்தனார் தாத்தா விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நிக்கும்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ஈடாக எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

போன மே மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கூடத்தில் ஒன்பது பேர் படுத்திருந்தோம். சூடு முற்றத்து வழியே மேலே போக, ரேழியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நகரத்தில் ஏசி இல்லாமல் தூங்காத என் நாத்தனார் மகன் சாயங்காலம் எழுப்பித்தான் எழுந்தான்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பூட்டிய வீடு இருந்தால் ஜேசிபிக்காரரைக் கூப்பிடாதீர்கள். முதலில் ஒரு மழை நாளில் சாவியை எடுத்துக்கொண்டு போய், எங்கே ஒழுகுகிறது என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். பிறகு ஓதம் ஏறிய சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்துப் பாருங்கள். சிமெண்டுக்கு அடியில் சுண்ணாம்பு தெரிந்தால், அன்றைக்கே ஊரில் வயதான கொத்தனார் யார் என்று விசாரியுங்கள்.