முழுக்கைச் சட்டை: பணத்தைக் காலரில் போடுங்கள்

ஆபீஸுக்குப் போட்டுப்போகும் முழுக்கைச் சட்டையில் முதலில் நைந்துபோவது காலர்தான். துணி நன்றாகவே இருக்கும், சாயம்கூடப் போயிருக்காது. கழுத்து மடிப்பு மட்டும் பிய்ந்து உள்ளே இருக்கும் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும். அமெரிக்காவில் ட்ராய் என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டில் கழற்றி மாட்டும் காலருக்கே பேர்போன தொழில் நகரமாக இருந்தது. நம் ஊர்த் தையல்கடைகளிலும் நைந்த காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுத்த காலம் உண்டு. இன்று சட்டை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் லேபிளில் உள்ள நூல் நம்பரையும் பார்த்துவிட்டு பில் போடப் போய்விடுகிறார்கள்.

சில மாதங்களாக மூன்று வெளிர்நீலச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே வாஷிங் மெஷினில் துவைத்துப் பார்த்தேன். ஒன்று, ‘ரிங்கிள் ஃப்ரீ’ என்று எழுதிய சுத்தக் காட்டன் ரெடிமேட். அடுத்தது பாலியஸ்டர் கலந்த, விலை குறைந்த ரெடிமேட். மூன்றாவது, 2/80 பாப்ளின் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது.

முதலில் அந்த நம்பர் விஷயம். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூல் நம்பர். 40ஆம் நம்பர் நூலை ஒரு பவுண்டு எடுத்தால் சுமார் 31 கிலோமீட்டர் நீளம் வரும். 80ஆம் நம்பர் என்றால் 61 கிலோமீட்டர். அவ்வளவு மெல்லிசாக நூற்க நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். எகிப்தின் கிஸா, அமெரிக்காவின் சுபிமா, கோவையில் உருவாகி 1974இல் வெளியான நம் சுவின் எல்லாம் அந்த வகைப் பருத்திதான். ஆனால் நம்பரை மட்டும் பார்த்தால் போதாது, புரியையும் பார்க்க வேண்டும். 2/100 என்பது இரண்டு 100ஆம் நம்பர் நூல்களைச் சேர்த்து முறுக்கியது. பருமனில் அது 50ஆம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம். ஆனாலும் இரண்டு புரிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நூல் சீராக இருக்கும், வலுவும் கூடும். பாவில் மட்டும் இரட்டைப் புரி போட்டு, ஊடையில் ஒற்றை நூல் விட்டு நெய்த துணியும் சந்தையில் இருக்கிறது. துணி வெட்டிய ஓரத்தில் நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். இரண்டும் இரண்டாகப் பிரிந்தால் தாராளமாக வாங்கலாம். தினமும் பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவருக்கு 2/80 நிறைவாகப் போதும். 120க்கு மேல் போனால் தொட்டுப் பார்க்க இதம்தான், ஆனால் உழைப்பது குறைவு.

நெசவில் எனக்குத் தயக்கமே இல்லை: சென்னை வெயிலுக்குப் பாப்ளின். ட்வில் கொஞ்சம் கனம், கசங்குவது குறைவு. ஆக்ஸ்ஃபோர்டு உறுதியானது, மார்கழிக்கு நல்லது.

ரிங்கிள் ஃப்ரீ சட்டை முதல் சில வாரங்கள் மனதைக் கவர்ந்தது உண்மை. மெஷினிலிருந்து எடுத்து உதறி ஹேங்கரில் மாட்டினால் போதும், அயர்ன் கடைக்கே வேலை இல்லை. அந்த வசதி ஒரு பிசின் பூச்சிலிருந்து வருகிறது. பருத்தி இழைக்குள் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிணைந்த இழை மடங்காது. அதே காரணத்தால் உராய்வையும் தாங்காது. என் சட்டையில் கஃப் ஓரமும் காலர் மடிப்பும்தான் முதலில் வெளுத்தன, பிறகு நூல் நூலாகப் பிரிந்தன. வியர்வையையும் அது சரியாக உறிஞ்சவில்லை. பாலியஸ்டர் கலந்த சட்டை கிழியவே இல்லை. ஆனால் தாடி உரசும் இடத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கட்டிக்கொண்டன. கழுத்து எண்ணெயையும் அக்குள் வாடையையும் துவைத்த பிறகும் விடாமல் வைத்திருந்தது. துணியில் கலப்பு உண்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

இனி தையல். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, விலாத் தையல்மேல் ஸ்கேலை வையுங்கள். அங்குலத்துக்கு 16, 18 தையல் விழுந்திருந்தால் தைத்தவர் அவசரப்படவில்லை என்று அர்த்தம். 10க்குப் பக்கம் இருந்தால் அந்தச் சட்டையை வைத்துவிடலாம். கட்டம் போட்ட சட்டையானால் பாக்கெட்டிலும் பட்டன் பட்டியிலும் கட்டங்கள் சேர்கின்றனவா என்று பாருங்கள். அப்படிச் சேர்க்கத் துணி கூடுதலாகச் செலவாகும், சிக்கனம் பார்ப்பவர்கள் செய்யமாட்டார்கள். பட்டன் சிப்பியா பிளாஸ்டிக்கா என்பது எனக்குப் பெரிதில்லை. பின்னால் தொங்கும் நூல்முனையை மெல்ல இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வருகிறதா என்பதுதான் பெரிது. வந்தால் அது சங்கிலித் தையல். வீட்டுக்குப் போனதும் ஊசி நூலால் ஒருமுறை கெட்டியாகத் தைத்துவிடுங்கள்.

காலரைச் சோதிக்க இரண்டு விரல் போதும். மேல் துணியையும் அடித் துணியையும் தனித்தனியே கிள்ளித் தேய்த்துப் பாருங்கள். நடுவில் கேன்வாஸ் தனியாக நழுவினால் அது தைத்துச் சேர்த்தது. நழுவாவிட்டால் பசையால் ஒட்டியது. ஒட்டியதெல்லாம் மட்டம் என்று சொல்ல முடியாது. நல்ல இயந்திரத்தில் சரியான சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டினால் பல வருடம் நிற்கும். சூடு தவறினால் நாலைந்து துவைப்பிலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். அப்புறம் எந்த அயர்ன் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தையல்காரரிடம், “ஒட்டு கேன்வாஸ் வேண்டாம் அண்ணே, தைக்கிற கேன்வாஸே வையுங்க” என்றேன். “விறைப்பா நிக்காது சார், ஈரத்தோட அயர்ன் பண்ணணும்” என்றார். அவர் சொன்னபடி ஈரம் காயும் முன் முனையிலிருந்து நடுவுக்குத் தேய்த்தால் நன்றாகவே நிற்கிறது. மூன்றில் காலர் இன்னும் கெடாமல் இருப்பது இந்தச் சட்டைக்குத்தான்.

துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால் தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். 40 சென்டிமீட்டர் காலர் 3 சதவீதம் சுருங்கினால் 1.2 சென்டிமீட்டர் போய்விடும், கழுத்துப் பட்டன் பூட்டாது. ரெடிமேடுதான் வேண்டும் என்பவர்கள் ரிங்கிள் ஃப்ரீ என்று எழுதாத சுத்தக் காட்டனாகப் பார்த்து எடுங்கள். அயர்ன் செலவு கொஞ்சம் கூடும், சட்டை அதைவிட நீண்ட நாள் வரும். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைக்கு வழக்கமாக 1.60 மீட்டர் தருவார்கள். 2 மீட்டராக எடுத்து, மிச்சத்தில் ஒரு காலரும் ஒரு ஜோடி கஃபும் சேர்த்தே வெட்டி வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள்.