அத்தைக்கு வந்த இங்கிலீஷ் எஸ்எம்எஸ்

போன மாசம் ஆலங்குடி பக்கத்திலிருந்து எங்க அத்தை ரத்தப் பரிசோதனைக்காகப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று லேபில் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு இட்லிதாம்ப்பா" என்றிருக்கிறார். நாளைக்கு வெறும் வயிற்றோடு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்றே எஸ்எம்எஸ் அனுப்பினோமே என்றும் சொன்னார்களாம். போனை வாங்கிப் பார்த்தேன். வந்திருந்தது, இங்கிலீஷில்.

அத்தை படிக்கத் தெரியாதவர் இல்லை. 1991-ல் நம்ம மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர். பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாம் தானே படிப்பார்.

அப்புறம் ஏன் இங்கிலீஷ்? ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். இங்கிலீஷில் 160 எழுத்து பிடிக்கும். தமிழுக்கு யூனிகோட் வேண்டும், அதில் 70 இடம்தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி இடம். நமக்கு 'மருத்துவமனை' 7 எழுத்து, கணினிக்கு 11. இதை எண்ணிப் பாருங்கள்:

"நாளை காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரவும்."

64 இடம் போய்விட்டது. மிச்சம் 6. லேப் பெயரைச் சேர்த்தால் இரண்டு எஸ்எம்எஸ் ஆகும், கட்டணமும் இரட்டிப்பு. ட்விலியோ, எக்ஸோடெல் மாதிரியான கிளவுட் சேவைகளில் ஒவ்வொரு துண்டுக்கும் காசு. போதாததற்கு, டிராயின் 2018 விதிமுறைப்படி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தமிழுக்கென்று இன்னொரு வாசகமா என்று இங்கிலீஷோடு நிறுத்திவிடுகிறோம். 'நிறுத்திவிடுகிறோம்' என்றுதான் சொல்ல வேண்டும், நானும் அப்படி டெம்ப்ளேட் போட்டவன்தான்.

மருத்துவத் துறைக்கான இந்தச் சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை செய்தி போனது, எத்தனை 'டெலிவர்டு' என்று கணக்குக் காட்டுகிறார்கள். டெலிவர்டு என்றால் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தக் கணக்கில் அத்தைக்கு வந்த செய்தியும் வெற்றிதான். பஸ் காசும், பாழாய்ப்போன ஒரு நாள் கூலியும் எந்த டேஷ்போர்டிலும் வராது. ஆடித் தள்ளுபடிச் செய்தி புரியாவிட்டால் நஷ்டமில்லை. 'சாப்பிடாமல் வரவும்' என்பது அப்படியா?

தீர்வு பெரிய விஷயமில்லை. பதிவு செய்யும்போதே "எந்த மொழியில் சொல்லணும்?" என்று கேட்டு டேட்டாபேஸில் ஒரு காலம் சேர்க்கலாம். இன்னும் நல்லது, பதிவு செய்த குரல் அழைப்பு. அங்கே காசு நேரத்துக்குத்தான், எழுத்துக்கு இல்லை. இருபது விநாடியில் தமிழில் தெளிவாகச் சொல்லிவிடலாம். படிக்கவே தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

மறுநாள் அத்தை மறுபடி வந்தார், பட்டினியோடு. எஸ்எம்எஸ் பார்த்து இல்லை, நான் போனில் சொன்னதால்.